தசையகக் கொழுப்பைக் கூட்ட எந்த மரபணுவைச் சோதிப்பது? (பன்றி, டூராக் ஆண் வரிசை)

வரிசை_காப்பாளர் கேட்டது:

டூராக் என்ற பன்றி இனத்தை அடிப்படையாகக் கொண்ட ஆண் வரிசை (இறைச்சிப் பன்றிகளுக்குத் தகப்பன்களைத் தரும் கூட்டம்). பல தலைமுறையாக முதுகுக் கொழுப்பைக் குறைத்து, வளர்ச்சி வேகத்தைக் கூட்டித் தேர்வு நடந்திருக்கிறது. 105 கிலோவில் அறுக்கும்போது முதுகு நெடுந்தசையில் தசையகக் கொழுப்பு (தசைக்குள்ளேயே படியும் கொழுப்பு, மார்பிளிங்) சராசரி 2.1%. இதை 3%க்குக் கொண்டுபோக வேண்டும், முதுகுக் கொழுப்பு ஏறக் கூடாது. மூன்று கேள்விகள்.

ஒன்று: எஃப்ஏபிபி3 மரபணுச் சோதனையை வைத்து ஆண் பன்றிகளைத் தேர்ந்தெடுக்கலாமா? ஐஜிஎஃப்2, லெப்டின் ஏற்பி, எஸ்சிடி இவற்றுக்கும் சோதனை கிடைக்கிறது. எதற்குச் செலவு செய்வது?

இரண்டு: கொழுப்பு அதிகமுள்ள 6, குறைந்த 6 பன்றிகளின் நெடுந்தசையில் ஆர்என்ஏ வரிசையாக்கம் (எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளப்பது) செய்தாயிற்று. உயர் குழு சராசரி 3.6%, தாழ் குழு 1.4%, இரண்டும் சாக்ஸ்லெட் முறையில் (ஈதரால் கொழுப்பைக் கரைத்தெடுத்து) அளந்தவை. உயர் குழுவில் எஃப்ஏபிபி4, அடிபோநெக்டின், பெரிலிபின்1 மூன்றும் லாக்2 கணக்கில் (1 கூடினால் இரு மடங்கு) முறையே 1.5, 1.3, 1.4 கூடுதல். எஸ்சிடி 2.3 கூடுதல். இவற்றைத் தசையகக் கொழுப்பைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் என்று எழுதலாமா?

மூன்று: இந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துச் செல்வளர்ப்பில் சரிபார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது?

---

தராசுமுள் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். எஃப்ஏபிபி3 சோதனைக்குக் காசு போடாதீங்க. இதயத் தசையின் கொழுப்பமிலம் பிணைக்கும் புரதத்துக்கான மரபணு அது, 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1990களின் கடைசியில் டூராக் பன்றிகளில் அதன் வெட்டுத்தள (நொதி டிஎன்ஏவை வெட்டும் இட) வேறுபாடுகளுக்கும் தசையகக் கொழுப்புக்கும் தொடர்பு காட்டினார்கள். அதற்குப் பிறகு வேறு வேறு வரிசைகளில் பார்த்தபோது ஒன்றில் விளைவு தெரிந்தது, இன்னொன்றில் தெரியவில்லை, சிலவற்றில் எதிர்த்திசையில் வந்தது. அந்த வேறுபாடு காரணமாக இல்லாமல், காரணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அடையாளம் மட்டும் என்றால் இப்படித்தான் நடக்கும். எந்த அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது வரிசைக்கு வரிசை மாறும். 6ஆம் குரோமோசோமிலேயே ஆர்ஒய்ஆர்1, எஃப்ஏபிபி3, லெப்டின் ஏற்பி மூன்றும் இருக்கின்றன. இரண்டே தலைமுறைக் கலப்பில் குரோமோசோம் நீள நீளத் துண்டுகளாகத்தான் கைமாறும். ஒன்றின் விளைவு மற்றதன் பெயரில் பதிவாவதில் வியப்பில்லை.

மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லெப்டின் ஏற்பி: 1987ஆம் இடத்தில் சி இருக்க வேண்டிய இடத்தில் டி. புரதத்தில் 663ஆவது அமினோ அமிலம் லியூசினிலிருந்து ஃபினைல்அலனினாக மாறுகிறது. ஐபீரியப் பன்றிகளில் டி மிகப் பரவலானது, டூராக்கிலும் உண்டு. டிடி பன்றிகளில் தசையகக் கொழுப்பு கூடும். கூடவே தீனி உட்கொள்ளலும் முதுகுக் கொழுப்பும் கூடும், நிறைவுற்ற கொழுப்பமிலங்களின் பங்கும் ஏறும். ஆக, உங்கள் நிபந்தனைக்கே இது முரண்.

ஐஜிஎஃப்2: 3ஆவது இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைத்துண்டு) 3072ஆம் இடத்தில் ஜி, ஏ ஆக மாறியது. 2003இல் வெளியான கண்டுபிடிப்பு. அந்த இடத்தில் வழக்கமாக வந்து உட்கார்ந்து மரபணுவை அடக்கும் இசட்பெட்6 என்ற புரதத்தால், ஏ இருந்தால் உட்கார முடியாது. பிறப்புக்குப் பிந்தைய தசையில் ஐஜிஎஃப்2 சுமார் 3 மடங்கு வெளிப்படும். தசை கூடும், முதுகுக் கொழுப்பு குறையும். மெலிவுக்காகத் தேர்ந்த வரிசை என்பதால் உங்களிடம் ஏ ஏற்கெனவே நிலைபெற்றிருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒரு நுட்பம் உண்டு. தகப்பனிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்யும். ஏஜி என்று சோதனைத்தாள் சொன்னால் அது போதாது, ஏ எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பெற்றோரை வைத்துப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் சராசரி போட்டால் விளைவு பாதியாகத் தெரியும்.

எம்சி4ஆர்: நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது விற்க வருவார்கள். 298ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் ஆஸ்பரஜினாக மாறியது. ஆஸ்பரஜின் வகை வேகமாக வளரும், அதிகம் தின்னும், முதுகும் கொழுக்கும். பசியை வழியாகக் கொண்ட மரபணுக்கள் எல்லாமே உடம்பு முழுக்கக் கொழுப்பேற்றும். தசைக்கு மட்டும் என்று ஒதுக்கித் தராது.

பிஆர்கேஏஜி3: 200ஆம் இடத்தில் ஆர்ஜினைன் குளூட்டமினாக மாறியது, ஹாம்ப்ஷயர் இனத்தோடு வரும் சமாச்சாரம். தசையில் கிளைகோஜன் 70% வரை கூடி, அறுத்தபின் பிஎச் மிகக் கீழே இறங்கி (அதாவது அமிலத்தன்மை ஏறி), சமைக்கும்போது நீர் கொட்டும். ஹாம்ப்ஷயர் ரத்தம் வரிசையில் இருந்தால் களையெடுக்கவே சோதிக்க வேண்டும். ஆர்ஒய்ஆர்1 மரபணுவில் 1843ஆம் இடத்து ஹேலோதேன் மாற்றமும் (அழுத்தத்தைத் தாங்காத பன்றிகளைத் தருவது) அப்படியே.

எஸ்சிடி: முன்னோடிப் பகுதியில் (மரபணுவை இயக்கும் இடம்) 2228ஆம் இடம். டி அல்லீல் தசையில் ஸ்டியரிக் அமிலத்தை ஒலியிக்காக மாற்றும் வேலையைக் கூட்டும். கொழுப்பின் அளவு மாறாது, தரம்தான் மாறும்.

ஆக, விற்பனையில் இருக்கும் எதுவும் நீங்கள் கேட்ட வேலையைச் செய்யாது. தசையகக் கொழுப்பு பல நூறு சிறு விளைவுகளின் கூட்டு. ஆனால் மரபுத்திறன் (வேறுபாட்டில் மரபால் வரும் பங்கு) 0.5ஐ ஒட்டி வருகிறது, இறைச்சிப் பண்புகளில் இது உயர்ந்த எண். முதுகுக் கொழுப்போடு மரபுத் தொடர்பு (இரண்டும் மரபில் சேர்ந்தே ஏறும் அளவு) சராசரியாக 0.3 பக்கம், வரிசைக்கு வரிசை மாறும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. புறத்தோற்ற நியம விலக்கம் (அளந்த எண்களின் சிதறல்) 0.7% என்று வைத்தால் மரபு விலக்கம் 0.5%. ஆண்களில் மேல் 5%, பெண்களில் மேல் 20% எடுத்தால் தேர்வுச் செறிவு (தேர்ந்தவை சராசரிக்கு எத்தனை நியம விலக்கம் மேலே என்பது) சராசரி 1.73. மதிப்பீட்டுத் துல்லியம் (மதிப்பிட்ட மரபும் உண்மை மரபும் ஒட்டிப்போகும் அளவு) 0.5 என்றால் தலைமுறைக்கு 1.73 × 0.5 × 0.5, அதாவது 0.43% ஏறும், தசையகக் கொழுப்பை மட்டும் பார்த்துத் தேர்ந்தால். முதுகுக் கொழுப்பின் மரபு விலக்கம் 1.8 மி.மீ. என்றால் அது பின்னாலேயே 0.47 மி.மீ. ஏறும். அதை அசையாமல் நிறுத்தும் கட்டுப்பாட்டுக் குறியெண் (பல பண்புகளை எடைபோட்டுச் சேர்க்கும் தேர்வு மதிப்பெண்) போட்டால் இழப்பு எவ்வளவு? மதிப்பீடு முழுத் துல்லியம் என்று கொண்டால், 0.3 தொடர்புக்கு மீதி நிற்பது 1 கழித்தல் 0.09இன் வர்க்கமூலம், 0.95. வெறும் 5% இழப்பு! தொடர்பு 0.6 ஆக இருந்தால் 20% போகும். எனவே முதலில் உங்கள் வரிசையிலேயே அந்தத் தொடர்பை மதிப்பிடுங்க, வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டாம்.

நிஜமான விலை வேறிடத்தில் இருக்கிறது. முதுகுக் கொழுப்பை "ஏறாமல் நிறுத்துவது" மலிவு. "தொடர்ந்து குறைப்பது, கூடவே தசையகத்தை ஏற்றுவது" விலை அதிகம். வளர்ச்சி, தீனி மாற்றுத்திறன் எல்லாம் குறியெண்ணில் பங்கு கேட்கும்போது 0.43 என்பது 0.2 அல்லது 0.25 ஆகச் சுருங்கும். 2.1இலிருந்து 3.0க்கு நான்கைந்து தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்க.

---

செல்_வட்டு பதில்:

இரண்டாம் கேள்விக்கு. எழுத வேண்டாம், அல்லது வேறு மாதிரி எழுதுங்கள்.

உயர் குழு 3.6, தாழ் குழு 1.4. விகிதம் 2.57. லாக்2இல் 1.36. இப்போது உங்கள் மூன்று எண்களைப் பாருங்கள்: 1.5, 1.3, 1.4. மூன்றும் 1.36ஐச் சுற்றியே உட்கார்ந்திருக்கின்றன. கொழுப்புச் செல்லுக்குள் இந்த மூன்று மரபணுக்களும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அரைத்த துண்டில் கொழுப்புச் செல்கள் 2.57 மடங்கு இருந்தன, அவ்வளவுதான். எஃப்ஏபிபி4, அடிபோநெக்டின், பெரிலிபின்1 மூன்றும் தசையில் ஏறத்தாழக் கொழுப்புச் செல்லில் மட்டுமே வெளிப்படுபவை. விலை உயர்ந்த முறையில் மார்பிளிங்கை இன்னொரு தடவை அளந்திருக்கிறீர்கள். தசையில் எஃப்ஏபிபி4 புரத அளவைக் கொழுப்புச் செல் எண்ணிக்கையின் அளவுகோலாகவே பயன்படுத்தலாம், அந்த அளவுக்கு இரண்டும் ஒட்டிப் போகும்.

எஸ்சிடி மட்டும் 2.3. அதில் 1.36ஐக் கழித்தால் 0.9 மிச்சம், ஒரு செல்லுக்கு ஏறக்குறைய 1.9 மடங்கு. உங்கள் பட்டியலில் பேச்சுக்கு உரியது அது ஒன்றுதான். அதற்கும் மூன்று விளக்கங்கள் உண்டு. முதலாவது, 2228ஆம் இடத்து டி அல்லீல் உயர் குழுவில் கூடியிருக்கலாம். 12 பன்றிகளுக்கும் சோதித்துவிடுங்கள், ஒரு நாள் வேலை. இரண்டாவது, அறுப்புக்கு முந்தைய பட்டினி நேரம். எஸ்சிடி இன்சுலினுக்குச் சட்டென்று பதில் சொல்லும், பட்டினி நீண்டால் இறங்கும். தாழ் குழுப் பன்றிகள் காத்திருப்பில் கூடுதலாக ஆறு மணி நேரம் நின்றிருந்தால் அதுவே போதும். மூன்றாவது, உண்மையான கட்டுப்பாட்டு வேறுபாடு. இந்த மூன்றாவதை முதல் இரண்டும் கழிந்த பிறகுதான் தொடலாம்.

"கட்டுப்பாடு" என்று எதைச் சொல்கிறோம் என்பதும் கேள்வி. தசையகக் கொழுப்பின் % மூன்று குழாய்களின் கூட்டு விளைவு. முதல் குழாய் எண்ணிக்கை: தசை நார்களுக்கு இடையே இருக்கும், பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற புரத அடையாளம் தாங்கிய நார்-கொழுப்பு முன்செல்கள் எத்தனை, அவற்றில் எத்தனை கொழுப்புச் செல்லாக மாறின என்பது. மரபணுக்களை இயக்கும் புரதங்களில் சி/ஈபிபி பீட்டா, டெல்டா முதலில் எழுந்து, பிபிஏஆர் காமாவையும் சி/ஈபிபி ஆல்ஃபாவையும் எழுப்பும். விண்ட் சமிக்ஞை அதைத் தடுக்கும். இரண்டாவது நிரப்புதல்: செல்லுக்குள் கொழுப்பைச் சேர்க்கும் எஃப்ஏஎஸ்என், ஏசிஏசிஏ, எல்பிஎல், டிஜிஏடி குடும்பம். காலி செய்தல் ஏடிஜிஎல், எச்எஸ்எல் என்ற கொழுப்பு உடைக்கும் நொதிகள் வழியாக. மூன்றாவது பலருக்கு மறந்துபோவது, நீர்த்தல். % என்பது ஒரு பின்னம், தசை பெருத்தால் கீழ்எண் பெருக்கும். கொழுப்பு ஒரு கிராம் கூடக் குறையாமலே % விழும். மெலிவுத் தேர்வில் தசையகக் கொழுப்பு இறங்கியதற்கு இதற்கும் பங்குண்டு.

பன்றிகளுக்குள்ளே காணும் வேறுபாட்டில் பெரும் பங்கு செல்லின் பருமனைவிட எண்ணிக்கையிலிருந்து வருகிறது. அந்த எண்ணிக்கையை முடிவு செய்யும் வேலையில் பெரும்பகுதி அறுப்புக்கு வெகு முன்பே நடந்துவிடுகிறது. 105 கிலோவில் எடுத்த ஆர்என்ஏ, கட்டடம் எழுந்த பிறகு கொத்தனாரைத் தேடுவது மாதிரி.

இதைச் சமாளிக்க வழிகள், எளியதிலிருந்து:

ஒரே ஈற்றில் பிறந்த, ஒரே பாலினமான, ஒரே நாளில் அறுத்த சோடிகளாக எடுங்கள். உங்கள் 6க்கு 6இல் உயர் குழு முழுக்கக் காயடித்த ஆண்களாகவும் தாழ் குழு பெண்களாகவும் இருந்தால், பாலினத்தை அளந்திருக்கிறீர்கள். காயடித்த ஆணில் தசையகக் கொழுப்பு பெண்ணைவிட இயல்பாகவே அதிகம்.

இரு வேறு அல்லீல் கொண்ட ஒரே பன்றிக்குள் இரு அல்லீல்களின் ஆர்என்ஏ அளவை ஒப்பிடுங்கள். இரண்டும் அதே செல்லில் இருப்பதால் செல் எண்ணிக்கைச் சிக்கல் தானாக அடிபட்டுப் போகும். வரிசையாக்கத் தரவு கையில் இருக்கிறது, கூடுதல் செலவு இல்லை. எஸ்சிடிக்கு இதைத்தான் முதலில் செய்வேன். எச்சரிக்கை ஒன்று: மேற்கோள் மரபுத்தொகுதியோடு (ஒப்பிடப் பயன்படும் பன்றி மரபுத்தொகுதி) ஒத்துப்போகும் அல்லீல்தான் ஆர்என்ஏ துண்டுகளை அதோடு பொருத்தும்போது எளிதாக ஒட்டும். அந்தச் சாய்வை நீக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும். மேற்கோளும் 11.1 பதிப்பாக இருக்கட்டும், பழைய 10.2இல் துண்டுகள் இடம் மாறிக் கிடக்கும்.

பெரிலிபின்1ஐ இணைமாறியாக வைத்து (அதன் விளைவைக் கணக்கில் கழித்து) சரிசெய்யலாமே என்று தோன்றும். அது செல் எண்ணிக்கையைக் கழிக்கும், கூடவே எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் மரபணுவின் விளைவையும் சேர்த்துக் கழித்துவிடும். நிரப்புதல் மரபணு தேடுகிறீர்கள் என்றால் சரி, எண்ணிக்கை மரபணு தேடுகிறீர்கள் என்றால் குழந்தையைக் குளிப்பாட்டித் தண்ணீரோடு கொட்டிய கதை.

ஒற்றை உட்கரு வரிசையாக்கம் (உட்கரு ஒவ்வொன்றின் ஆர்என்ஏவையும் தனித்தனியே படிப்பது) சிறந்தது. செல்லாகப் பிரித்தால் கொழுப்புச் செல் மிதந்து உடைந்துவிடும், தசை நார் கருவியின் நுண்குழாய்க்குள் போகாது. அதனால்தான் உட்கரு. உறைந்த துண்டே போதும். ஆனால் தசை நார் ஒன்றுக்குள் உட்கருக்கள் ஏராளம் என்பதால் எண்ணுவதில் பெரும்பகுதி அவையே வரும், கொழுப்புச் செல் உட்கரு சொற்பமாகத்தான் தேறும். பிடிஜிஎஃப்ஆர்ஏ கூட்டத்தைப் பார்ப்பதுதான் உங்கள் நோக்கமென்றால் 105 கிலோப் பன்றியைவிடக் குட்டிப் பருவத் தசை நல்லது.

மூன்றாவது கேள்வி, செல்வளர்ப்பு. 3லிருந்து 7 நாள் வயதுக் குட்டியின் நெடுந்தசையை எடுங்கள். மேல் உறையையும் கண்ணுக்குத் தெரியும் கொழுப்பையும் முதலில் உரித்துவிடுங்கள், இல்லையென்றால் வளர்வது தோலடிக் கொழுப்பின் முன்செல்தான். கத்தரிக்கோலால் 1 மி.மீ.க்கு நறுக்கி, மி.லி.க்கு 2 மி.கி. கொலாஜினேஸில் 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே ஒரு மணி, அதிகம் போனால் ஒன்றரை மணி. அதற்கு மேல் விட்டால் செல்லின் மேல் புரதங்கள் அரிபட்டு ஒட்டும் திறன் போய்விடும். 100 மைக்ரான், பிறகு 40 மைக்ரான் சல்லடை. சிவப்பணுக்களைச் சிதைத்து, கழுவி, 10% கரு மாட்டுச் சீரம் சேர்த்த ஊடகத்தில் தட்டில் ஊற்றுங்கள்.

அடுத்த படியில்தான் பலர் சறுக்குவார்கள். 1 முதல் 2 மணி நேரத்தில் ஊடகத்தை ஊற்றி எடுத்துவிட்டுப் புதிது விடுங்கள். அதற்குள் ஒட்டிக்கொண்டவை பெரும்பாலும் முன்கொழுப்புச் செல், ஒட்டாமல் மிதப்பவை பெரும்பாலும் தசைச் சேய்ச்செல். இரவு முழுக்க விட்டால் இரண்டும் ஒட்டிவிடும். ஒரு வாரம் கழித்து நீளக் குழாய்களாகத் தசை நார்கள் முளைத்தால் காரணம் இதுதான்.

தட்டு நிரம்பிய பின் இரண்டு நாள் சும்மா விடுங்கள். பிறகு கொழுப்புச் செல்லாக மாறத் தூண்ட ஐபிஎம்எக்ஸ் 0.5 மில்லிமோலார், டெக்ஸாமெத்தசோன் 1 மைக்ரோமோலார், இன்சுலின் மி.லி.க்கு 5 மைக்ரோகிராம். இரண்டு மூன்று நாளில் இன்சுலின் மட்டும் உள்ள ஊடகத்துக்கு மாற்றுங்கள். 8ஆம் நாள் கொழுப்பைச் சிவப்பாக்கும் ஆயில் ரெட் ஓ சாயம். 0.5% இருப்புக் கரைசல் 3 பங்கு, தண்ணீர் 2 பங்கு, பத்து நிமிடம் வைத்து வடிகட்டிய பிறகே ஊற்ற வேண்டும். வடிகட்டாவிட்டால் சாயப் படிகங்களைக் கொழுப்புத் துளி என்று எண்ணிவிடுவீர்கள். ஐசோபுரோப்பனாலில் கழுவியெடுத்து 510 நானோமீட்டரில் படியுங்கள், கிணறுக்குக் கிணறு டிஎன்ஏ அளவால் வகுங்கள். வகுக்காவிட்டால் செல் பெருகியதா, கொழுப்பு கூடியதா என்று பிரிக்க முடியாது. மறுபடியும் அதே எண்ணிக்கைச் சிக்கல்!

சுண்டெலியின் 3டி3-எல்1 என்ற ஆய்வகச் செல்லில் மட்டும் காட்டிவிட்டுப் பன்றித் தசை என்று எழுதாதீர்கள்.

---

கொதிகுடுவை பதில்:

இரண்டு பேரும் 2.1%, 3.6% என்ற எண்களை அப்படியே நம்பிப் பேசுகிறார்கள். அந்த எண் எப்படி வந்தது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது.

நெடுந்தசை முழுக்க ஒரே கொழுப்பு கிடையாது, தோள் பக்கத்திலிருந்து இடுப்பு வரை மாறிக்கொண்டே போகும். கடைசி விலா என்று முடிவு செய்தால் எல்லாப் பன்றிக்கும் கடைசி விலாதான். 3 செ.மீ. கனத்துக்கு ஒரு வெட்டு. வெள்ளை உறையையும், தசைக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் கொழுப்பையும் சுத்தமாக நீக்க வேண்டும். தசையகம் வேறு, தசையிடை வேறு. 100 கிராம் தசையில் அரை கிராம் ஓரக் கொழுப்பு ஒட்டியிருந்தாலே எண் ஏறத்தாழ அரை % எகிறும். நீங்கள் ஒரு தலைமுறைத் தேர்வில் பெறப் போகும் ஏற்றம் அதைவிடக் குறைவு!

முழு வெட்டையும் அரைத்துக் கலக்க வேண்டும், ஓரத்திலிருந்து கிள்ளி எடுக்கக் கூடாது. 5 கிராம் வீதம் இரட்டை மாதிரி, உலர்த்தி, பெட்ரோலியம் ஈதரில் 6 மணி நேரம். இரண்டுக்கும் 0.2%க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது ஓட்டுங்கள்.

முறையைக் கலக்காதீர்கள். சாக்ஸ்லெட்டின் ஈதர் நடுநிலைக் கொழுப்பை இழுக்கும், செல்சவ்வின் பாஸ்போலிப்பிடை விட்டுவிடும். குளோரோஃபார்ம்-மெத்தனால் 2:1 கலவை இரண்டையும் இழுக்கும். பாஸ்போலிப்பிட் தசை எடையில் சுமார் 0.5%, மெலிந்த பன்றியிலும் கொழுத்ததிலும் பெரிதாக மாறாது. அதனால் ஒரே இறைச்சி ஓரிடத்தில் 2.0, இன்னோரிடத்தில் 2.5. ஈரடிப்படையா, உலரடிப்படையா என்றும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். தசையில் உலர்பொருள் கால்வாசிதான் என்பதால் ஈரத்தில் 2% உலரில் 8% ஆகிவிடும்.

கொழுப்பமில அளவீட்டிலும் இந்தப் பாஸ்போலிப்பிட் விளையாடும். லினோலியிக் போன்றவை அதில்தான் செறிவு. மெலிந்த பன்றியில் மொத்தக் கொழுப்பு குறைவு என்பதால் அந்த 0.5%இன் பங்கு பெரிதாகத் தெரியும், லினோலியிக் % உயரும். மார்பிளிங் கூடும்போது ஒலியிக் % தானாக ஏறும். எஸ்சிடியின் விளைவைப் பார்க்கிறவர்கள் மொத்தக் கொழுப்பை இணைமாறியாக வைக்காவிட்டால், கொழுத்த பன்றியை எஸ்சிடி நல்ல பன்றி என்று தேர்ந்துவிடுவார்கள். ஒலியிக்/ஸ்டியரிக் விகிதம் கொஞ்சம் பாதுகாப்பானது.

உயிரோடு அளக்க மீயொலி. 3.5 மெகாஹெர்ட்ஸ் ஆய்வி, 100 முதல் 110 கிலோ எடை, நடுக்கோட்டிலிருந்து சுமார் 7 செ.மீ. தள்ளி, முதுகுக்கு இணையாகக் கடைசி விலாக்களின் மேல். தாவர எண்ணெய் தாராளமாக. பன்றிக்கு 4 படமாவது எடுத்துச் சராசரி. பன்றி அசைந்த படம், விலா நிழல் விழுந்த படம் இரண்டையும் தயங்காமல் தூக்கி எறியுங்கள். பிரகாச அளவைக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகத் திருகினால் அன்றைய நாள் முழுக்கப் போச்சு, ஏனென்றால் மென்பொருள் படிப்பது புள்ளிகளின் பிரகாசத்தைத்தான். கவனிக்க வேண்டியது இன்னொன்று: முதுகுக் கொழுப்பு தடிமனாக இருந்தால் ஒலி அதிலேயே தளர்ந்துபோகும், கீழே தசை இருண்டு தெரியும். அதைச் சமன்பாட்டில் சேர்க்காமல் விட்டால் உங்கள் தேர்வு மறைமுகமாக முதுகுக் கொழுப்பின் தடிமனைப் பார்த்தே நடந்துகொண்டிருக்கும்.

---

வரிசை_காப்பாளர்:

நன்றி. தாழ் குழுவில் 4 பெண், உயர் குழுவில் 5 காயடித்த ஆண். பட்டினி நேரக் குறிப்பு இல்லை. ஆக 6க்கு 6 ஒப்பீட்டை ஒதுக்கிவைக்கிறேன், அல்லீல் ஒப்பீடு மட்டும் செய்து பார்க்கிறேன். ஒரே சந்தேகம்: மீயொலி மட்டும் போதுமா, அல்லது ஈற்றுக்கு ஒரு குட்டி அறுத்து வேதிமுறையில் அளக்க வேண்டுமா? இறுதிக் கட்டத்தில் லைசினைக் குறைத்தால் மார்பிளிங் ஏறும் என்கிறார்களே, அதையும் சேர்க்கலாமா?

---

தராசுமுள்:

இரண்டும் வேண்டும். ஈற்றுக்கு ஒரு குட்டி மட்டும் அறுத்தால், அதை வைத்து உயிரோடிருக்கும் உடன்பிறப்பை மதிப்பிடும் துல்லியம் 0.35. இரண்டு அறுத்தால் 0.45. ஓர் ஆணின் பத்துச் சந்ததிகளை வெவ்வேறு தாய்களிடமிருந்து எடுத்து அறுத்தால் அந்த ஆணுக்கு 0.77 வரும், ஆனால் தலைமுறை இடைவெளி நீளும், அதற்குள் அவன் கிழவன். அறுத்த உடன்பிறப்புகளையும் உயிருள்ளவற்றையும் 60 ஆயிரம் அடையாளச் சில்லில் (டிஎன்ஏவில் அத்தனை இடங்களைப் படிப்பது) மரபுவகைப்படுத்தி, வம்சாவளியோடு சேர்த்து ஒரே மாதிரியில் போடுங்க. ஒரே ஈற்றுக்குள் யார் எந்தப் பாதியை வாங்கினான் என்று உடன்பிறப்புப் பதிவு சொல்லாது, சில்லு சொல்லும். மரபுவகைச் செலவுக்கு நியாயம் அங்கேதான்.

லைசின் விஷயம்: இறுதித் தீனியில் புரதமும் லைசினும் குறைந்தால் தசை வளர்ச்சி தளரும், தசையகக் கொழுப்பு ஏறும். செல்_வட்டு சொன்ன நீர்த்தலின் மறுபக்கம். வளர்ச்சியும் தீனி மாற்றுத்திறனும் அடிவாங்கும். விற்பனைக் கூட்டத்தில் செய்யுங்க, தேர்வுக் கூட்டத்தில் வேண்டாம். பாதிப் பன்றிக்கு ஒரு தீனி, பாதிக்கு வேறு தீனி என்று கலந்தால் தீனியின் விளைவை மரபு என்று எண்ணித் தேர்வீர்கள்.

---

செல்_வட்டு:

தராசுமுள் மரபணுச் சோதனைகளை ஒரேயடியாகத் தள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை. எஸ்சிடி டி அல்லீல் அளவைத் தொடாமல் தரத்தை மட்டும் மாற்றுகிறது என்பது குறையில்லை, வசதி. முதுகுக் கொழுப்பு ஏறாமல் ஒலியிக் கிடைக்கிறது. குறியெண்ணில் எதோடும் மோதாது. லெப்டின் ஏற்பியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், தேர்வுக்காக அல்ல, வரிசையில் அது இன்னும் பிரிந்துகொண்டிருக்கிறதா (சி, டி இரண்டும் இருக்கின்றனவா) என்று தெரிந்துகொள்ள. பிரிந்துகொண்டிருந்தால் தசையகத்துக்கும் முதுகுக்கும் இடையே நீங்கள் மதிப்பிடும் தொடர்பில் ஒரு பங்கு அந்த ஒற்றை இடத்திலிருந்தே வரும். அதை நிலையான விளைவாக மாதிரியில் போட்டுவிட்டு மிச்சத் தொடர்பைப் பாருங்கள், 0.3 என்பது இறங்கினாலும் இறங்கும்.

---

தராசுமுள்:

அது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பன்றிக்கும் சோதனை வாங்காதீங்க. நெருங்கிய உறவில்லாத 30 பன்றி போதும், 60 அல்லீல். அதில் சி ஒன்றுகூடத் தென்படாவிட்டால் வரிசையில் அதன் விகிதம் 5%க்குக் கீழே என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம், 3ஐ 60ஆல் வகுத்தால் வரும் எண் அது. அப்படி வந்தால் டிடி ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது என்று பொருள், லெப்டின் ஏற்பிச் சோதனையை அத்தோடு நிறுத்திவிட்டு அந்தப் பணத்துக்கு ஈற்றுக்கு இரண்டாவது குட்டியை அறுங்க.